எட்டுக் கண் மணி

கற்பிட்டி
26.04.2011

ராத்தா,

ஸலாம் சொல்லாமல் கடிதம் தொடங்கக்கூடாது என்று உம்மா நம் இரண்டு பேருக்கும்தான் சொல்லித் தந்தா. அஸ்ஸலாமு அலைக்கும். இதற்கு மேலே உங்களுக்கு நல்ல சொல் ஒன்று எழுத இப்போது என்னிடம் இல்லை.

பத்து நாளாக நீங்கள் போன் அடிக்கிறீர்கள், நான் எடுப்பதில்லை. போனில் நீங்கள் கதைப்பீர்கள், நான் அழுவேன், சொல்ல வந்ததைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

கல்யாணம் முடித்து ஒன்பது வருஷம். ஒன்பது வருஷத்தில் நான் கேட்காத கதையா? "ஸும்ராட வயித்துல ஒண்டும் தங்காது" என்று இந்த ஊர்ப் பொம்பிளைகள் என் காதுபடச் சொன்னவர்கள். பிறகு நெய்னார் பிறந்தான். வாப்பாவின் பெயரையே வைத்தோம். அவ்வளவு பேரும் வந்து தொட்டிலுக்குள்ளே தலையைப் போட்டுப் பார்த்தார்கள். "வெள்ளைப் புள்ள", "கொழுத்த புள்ள", "இவ்வளவு நாள் காத்திருந்ததுக்கு நல்லாத்தான் தந்திருக்கான்" என்றார்கள். ஒருத்தியாவது "மாஷா அல்லாஹ்" சொன்னாளா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

அப்போதெல்லாம் எனக்குக் கண் வாசலில்தான். ராத்தா வருவா, நம் வீட்டு எட்டுக் கண் மணியைக் கொண்டு வருவா, கண்ணூறு படாமல் நாற்பது நாளைக்குப் பிள்ளையின் கையில் கறுப்பு நூலில் கோத்து அவவின் கையாலேயே கட்டுவா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாம் நாள் பார்த்தேன், முடி இறக்கிய நாள் பார்த்தேன். வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டு வாங்கின மணி காக்காது, கடைசியாகக் கட்டின தாய் கேளாமலே கொண்டுவந்து கட்டவேண்டும் என்ற நம் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? கடைசியாகக் கட்டினது உங்கள் மகன் முஹ்ஸினுக்கு. பதினாலு வருஷமாக மணி உங்கள் அலுமாரியில்.

முப்பத்தேழாம் நாள் காய்ச்சல் வந்து வலிப்பு இழுத்தது. வருஷப்பிறப்புக்கு முந்தின நாள். ஒரு வேன் சாரதியும் ஊரில் இல்லை. முச்சக்கர வண்டியில் புத்தளம் வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பாலாவிச் சந்தி வரும்போதே பிள்ளை குளிர்ந்துவிட்டான். சுற்றிவரப் பட்டாசு வெடித்தது.

பிள்ளை பிறந்தபோது மிதிக்காத வாசலை மௌத்துக்கு மிதித்தீர்கள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தேன். அதற்குக் காரணம் இதுதான். மணியை யாருக்கென்று வைத்திருக்கிறீர்கள் ராத்தா? உங்கள் மகள் ஷிம்லாவுக்கு ஆறு மாதம் என்று கேள்விப்பட்டேன். அவளுடைய பிள்ளைக்கா?

ஸும்ரா


மதுரங்குளி
04.05.2011

தங்கச்சி ஸும்ராவுக்கு,

வ அலைக்கும் ஸலாம். உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாம் தடவை கோபம் வந்தது. மூன்றாம் தடவை எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

என்ன மணி கேட்கிறாய் நீ? அது உன் பிள்ளையின் கையில் அல்லவா இருந்தது!

மார்ச் பதினாலாம் திகதி, திங்கட்கிழமை, நெய்னாருக்கு ஏழாம் நாள். காலையிலேயே குளித்து, மணியை உப்புத் தண்ணீரில் கழுவி, புது நூல் கோத்து, ஒரு வெறும் தைலச் சிமிழில் வைத்துக்கொண்டு புறப்பட்டேன். தலவில வேதக் கோயில் திருநாளுக்குப் போகிற சனம் பஸ்ஸை நிறைத்துக்கொண்டு நின்றது. பாலாவியிலிருந்து கற்பிட்டி வரைக்கும் ஒற்றைக் காலில் நின்று வந்தேன். வந்து உன் மாப்பிள்ளை அன்ஸாரின் கையில் கொடுத்தேன். "தம்பி, நீங்க கட்டவேணாம். இத ஸும்ராட கையில குடுங்க, அவ கட்டட்டும்" என்று சொல்லியே கொடுத்தேன். "சரி மதினி" என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். இதுதான் நடந்தது. வல்லாஹி.

ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்பாய். உம்மாவின் ஆண்டுக் கத்தத்தை மறந்துவிட்டாயா? நான் விடியற்காலம் எழும்பிச் சமைத்த சோற்றை, இருபது பேருக்கு முன்னால் உன் மாப்பிள்ளை தள்ளி வைத்தார். "மௌத்தானவங்கட பேரில ஆக்கின சோறு எனக்கு வேணாம். மார்க்கத்துல இல்லாதது" என்றார். பெத்த தாய்க்கு ஓதினது மார்க்கத்தில் இல்லையாம்! நீ சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாயே தவிர, ஒரு சொல் சொன்னாயா? உன் வீட்டு வாசலை இனி மிதிக்கமாட்டேன் என்று அன்றைக்குச் சத்தியம் பண்ணிச் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான், என் குணம் உனக்குத் தெரியும்.

அப்படி இருந்தும் மணியைக் கொண்டு வந்தேன். வந்த பிறகு உன்னிடமிருந்து ஒரு போன் இல்லை, "கிடைச்சது ராத்தா" என்று ஒரு வார்த்தை இல்லை. இவளும் மாப்பிள்ளையோடு சேர்ந்து மாறிவிட்டாள், மணியைக் கட்டினாளோ குப்பையில் போட்டாளோ என்று நான் ஒரு மாதம் வயிறெரிந்தேன். மௌத்து வீட்டுக்கு வந்தபோதும் கேட்க வாய் வந்தது. மணியோடு அடக்கினார்களோ என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வைத்துக் கேள். அதன் பிறகு எனக்குக் கடிதம் எழுது.

ஜெமீலா


கற்பிட்டி
12.05.2011

ராத்தா,

கேட்டேன்.

கடலுக்குப் போய் வந்து, குளித்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். உங்கள் கடிதத்தை நீட்டினேன். வாசித்துவிட்டு மடித்துத் தந்தார். "உங்கட ராத்தா பொய் சொல்றா. அப்படி ஒண்டையும் நான் வாங்கல்ல" என்றார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் பள்ளிக்குத் தொழப் போய்விட்டார்.

எனக்குத் தெரிந்து அவர் பொய் சொல்கிறவர் இல்லை. மார்க்கத்தில் இறுக்கம், ஓம். கத்தத்துக்குச் சோறு தள்ளினது பிழை, ஓம், அதை நான் அன்றைக்கே அவரிடம் தனியாகச் சொன்னேன், உங்களுக்கு முன்னால் சொல்லவில்லை என்பதுதான் உங்களுக்குக் குறை. ஐந்து வேளை தொழுகிற மனுஷன் ஒரு கண்ணாடி மணிக்காகப் பொய் சொல்வாரா? தாயத்து, நூல், மணி எல்லாம் ஷிர்க், அல்லாஹ்வுக்கு இணை வைப்பது என்று ஊருக்கே சொல்கிறவர் அவர். வாங்கியிருந்தால் என் முகத்துக்கு முன்னாலேயே "எறிஞ்சிட்டேன்" என்று சொல்லியிருப்பார். அவருக்கு அதில் வெட்கம் என்ன?

அதனால் நானே யோசித்துப் பார்த்தேன். போன வருஷம் பழைய சாமான் வாங்குகிற ஒருவர் கொழும்பிலிருந்து மதுரங்குளிக்கு வந்து உங்கள் வீட்டில் இரண்டு தடவை தேத்தண்ணி குடித்தார் என்று முஹ்ஸின்தான் எனக்குச் சொன்னான். மணியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாராம். நீங்கள் எனக்கு அதைச் சொல்லவேயில்லை. கொடுத்துவிட்டீர்களா ராத்தா? கொடுத்துவிட்டு, இல்லாத மணியைக் கொண்டு வந்த கதை கட்டுகிறீர்களா?

அப்படியென்றால் அதையாவது சொல்லுங்கள். பிள்ளை போய்விட்டான். இனி நீங்கள் உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் அவன் வரப்போவதில்லை. எனக்குத்தான் தெரியவேண்டியிருக்கிறது. ஒரு தாய்க்கு இவ்வளவுகூடத் தெரியக்கூடாதா?

ஸும்ரா


மதுரங்குளி
21.05.2011

ஸும்ரா,

யா அல்லாஹ், என்னைப் பார்த்து இந்தக் கேள்வி கேட்க உனக்கு எப்படிக் கை வந்தது?

ஓம், வந்தார். பெரிய மனுஷன் மாதிரி நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். மணியைக் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார். இது இந்த ஊர் வேலை இல்லை, அரபு நாட்டுப் பக்கம் செய்தது, ஆயிரம் வருஷத்துக்குக் குறையாது என்றார். கறுப்புக் கண்ணாடி சூடாக இருக்கும்போதே வெள்ளைக் கண்ணாடிக் கம்பியை உருக்கி வளையம் வளையமாக விட்டு, நடுவில் நீலப் பொட்டு வைத்து அழுத்துவார்களாம். அந்தக் காலத்தில் மாந்தைத் துறைக்குக் கப்பலில் வந்த வியாபாரிகள் கொண்டு வந்திருப்பார்கள் என்றார். எட்டில் ஒரு கண் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, தாருங்கள் என்றார். "உடைஞ்ச கண்தான் எங்களுக்குப் பெறுமதி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்குச் சொல்லாமல் விட்டது உன் மாப்பிள்ளை சிரிப்பார் என்றுதான்.

அந்த உடைந்த கண் யாருக்காக உடைந்தது என்று உனக்கு நினைவிருக்கிறதா? உனக்காக. நீ பிறந்து இருபதாம் நாள், எனக்கு ஒன்பது வயது. யாரோ ஒருத்தி வந்து உன்னைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனாள். அன்று பின்னேரம் பார்த்தால் ஒரு கண் தெறித்துக் கிடந்தது. உம்மா உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு அழுதா. பார்க்கிறவனுடைய கண் முதலில் மணியின் கண்ணில்தான் விழும், உறைப்பெல்லாம் அதிலேயே போய்விடும், மிச்சம்தான் பிள்ளைக்கு வரும் என்று அப்போதுதான் எனக்குச் சொன்னா.

தொண்ணூறில் மன்னாரிலிருந்து எங்களை விரட்டின நாளை நினைத்துப் பார். என் காதுத் தோட்டைக் கழற்றினார்கள். உம்மாவின் தாலிக்கொடியை எடுத்தார்கள். ஷிம்லா அப்போது இருபத்தைந்து நாள் பிள்ளை, என் தோளில். துவக்கு வைத்திருந்த இயக்கப் பெட்டை ஒருத்தி அவளுடைய கையைத் திருப்பி மணியைப் பார்த்தாள். "கண்ணாடி" என்று விட்டுவிட்டாள். அந்த ஊரிலிருந்து நாங்கள் கொண்டு வந்த சொத்து அது ஒன்றுதான். அதையா நான் விற்பேன்?

உன் மாப்பிள்ளை தொழுகிறவர்தான். நான் தொழாதவளா? சாட்சி வேண்டுமென்றால் இருக்கிறது. அவரோடு மீன்பிடிப் போட்டில் போகிற தோமஸின் மனைவி பவுலினா அன்றைக்கு என்னோடு அதே பஸ்ஸில் வந்து இறங்கினவள். சிமிழைக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். அவளுக்கு நானும் சொந்தமில்லை, அன்ஸாரும் சொந்தமில்லை. போய்க் கேள். கேட்டுவிட்டு என்னை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று முடிவு செய்.

ஜெமீலா


கற்பிட்டி
19.06.2011

ராத்தா,

பவுலினா வீட்டுக்குப் போக எனக்கு மூன்று கிழமை எடுத்தது. தூரத்தால் இல்லை, நாலு வளவு தள்ளித்தான் வீடு. போனால் இரண்டு பேரில் ஒருவர் பொய்யர் ஆகிவிடுவார். ராத்தாவா, மாப்பிள்ளையா என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பயம்தான்.

நான் போகுமுன்னே பதில் தானாக வீட்டுக்கு வந்தது.

இப்போது கச்சான் காற்று. கடல் கொந்தளித்துக் கிடக்கிறது, போட்டையெல்லாம் கரையில் இழுத்துவிட்டார்கள். எஞ்சினைக் கழற்றிக் கொண்டுவந்து எங்கள் குசினிக்குப் பின்னால் வைத்தார்கள். வியாழக்கிழமை காலையில் தோமஸ் அண்ணன் கிறீஸ் பூச வந்தார். அன்ஸார் சந்தைக்குப் போயிருந்தார். நான் தேத்தண்ணி கொண்டு போய்க் கொடுக்கும்போது எஞ்சின் மூடியைக் கழற்றி மல்லாக்க வைத்திருந்தார்.

"தங்கச்சி, இத மட்டும் கவனமா எடுத்து உள்ளுக்கு வையுங்க. இது வந்த நாளிலயிருந்துதான் எங்கட போட்டுக்கு மீன்" என்றார்.

மூடியின் உட்பக்கத்தில், கறுப்பு நூலில், நீங்கள் கோத்த அதே புது நூலில் கட்டியிருந்தது. எண்ணெய் படிந்து நூல் கெட்டிப்பட்டிருந்தது. தேத்தண்ணிக் கோப்பை என் கையிலிருந்து விழுந்தது. தோமஸ் அண்ணன் பயந்துபோனார். பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. மாதா படம் ஒட்டுவது போல இதுவும் அன்ஸாரின் வேதத்தில் ஒன்று என்று நினைத்திருக்கிறார்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அன்ஸார் வந்தார். மணியைப் பாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு சொன்னார். அன்றைக்கு வாங்கினாராம். வீட்டுக்குள் கொண்டுவர விருப்பமில்லையாம். "ஆழக்கடல்ல எறியத்தான் கொண்டு போனேன் ஸும்ரா. அல்லாஹ்வுக்குத் தெரியும்" என்றார். அன்றைக்கு வலையை இழுத்தால் அறக்குளா. தூக்க முடியாத அளவு. இந்த மீன் பருவம் தொடங்கின பிறகு அப்படியொரு மீன் அவர்களுக்குக் கிடைத்ததில்லை. எறிய மனம் வரவில்லையாம்.

"புதுப் போட்டு, புது எஞ்சின். கரையில நிண்டு எத்தினை பேர் வயிறெரிஞ்சான் எண்டு உனக்குத் தெரியுமா?" என்றார்.

"புள்ளயப் பாத்து ஒருத்தரும் வயிறெரியல்லையா?" என்று கேட்டேன்.

அதற்குப் பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். மணியால் ஒன்றும் நடக்காது, காக்கிறவன் அல்லாஹ், நெய்னாருக்கு எழுதினது அவ்வளவுதான். ஓம் என்றேன். அது எனக்கும் தெரியும். நானும் ஈமான் உள்ளவள்தான். "அப்ப புள்ள மௌத்தாகி ரெண்டு மாசம், மூடிக்குள்ள ஏன் இன்னும் கெடக்கு?" என்று கேட்டேன்.

கல்யாணம் முடித்த ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் வாய் திறக்க முடியாமல் நின்றதைப் பார்த்தேன். பார்க்கவேண்டும் என்று ஒரு காலத்தில் ஆசைப்பட்டிருக்கிறேன். பார்த்தபோது ஒரு சந்தோஷமும் இல்லை.

மணியைக் கழுவினேன். இரண்டாவதாக ஒரு கண் குறுக்கே வெடித்திருக்கிறது. எஞ்சின் சூட்டில் வெடித்திருக்கும் என்று அவர் சொன்னார். இருக்கலாம். அல்லது எவனோ கரையில் நின்று எஞ்சினைப் பார்த்து வயிறெரிந்த அன்றைக்கு வெடித்திருக்கலாம். உம்மா இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பா. என் பிள்ளைக்கு வரவேண்டிய கண் ஒரு எஞ்சினுக்குச் செலவாகிவிட்டது.

உங்களைப் பொய்காரி என்று எழுதினேன். அது என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ராத்தா, அதன் பிறகு நான் பவுலினாவிடமும் போனேன். நீங்கள் சிமிழைக் கொடுத்தது எந்த இடத்தில் என்று அவள் சொன்னாள். பஸ் நிற்கிற இடத்தில் இல்லை, சந்தியில் இல்லை. என் வீட்டு வேலியடியில். அன்ஸார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வெளியே வரும்போது. நீங்கள் அதை எழுதவில்லை. இரண்டு கடிதம் எழுதினீர்கள், பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்றதைக்கூட எழுதினீர்கள், இதை எழுதவில்லை. ஏன்?

ஸும்ரா


மதுரங்குளி
27.06.2011

ஸும்ரா,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

வேலியடியில்தான் நின்றேன். கிடுகு வேலியில் ஒரு மட்டை விழுந்து கிடந்தது. அதற்குள்ளால் உன் வீட்டு விறாந்தை தெரிந்தது, தொட்டில் கயிறு தெரிந்தது. பிள்ளை அழுதான். நீ "ஓ ஓ" என்று ஆட்டினாய். உன் குரல் உம்மாவின் குரல் மாதிரியே இருந்தது. பத்து எட்டு வைத்தால் உள்ளே வந்திருப்பேன்.

வரவில்லை. சத்தியம் பண்ணிய வாசல் என்று நின்றேன். யாராவது வெளியே வந்து "உள்ளுக்கு வாங்க" என்று ஒரு சொல் சொன்னால் சத்தியத்தை முறித்ததற்கு நோன்பு பிடித்துக்கொள்ளலாம், உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். வந்தது அன்ஸார். அவர் சொல்லவில்லை. நானும் கௌரவத்தை விடவில்லை. கடைசியாகக் கட்டின தாய் தன் கையால் கட்டவேண்டிய மணியை, அதை வெறுக்கிற ஒரு மனுஷனின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அது எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும் ஸும்ரா. பஸ்ஸில் ஏறும்போதே தெரிந்தது. கொடுத்தாயிற்று, என் கடமை முடிந்தது, இனி பழி அவருக்கு என்று என் மனத்துக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உன் பிள்ளையின் முகத்தை நான் உயிரோடு பார்க்கவில்லை. அந்த அழுகைச் சத்தம் மட்டும்தான் எனக்குத் தெரியும். மௌத்துக்கு வந்தபோது நீ சுவர்ப் பக்கம் திரும்பினாய். திரும்பாவிட்டால் என் முகத்தைப் பார்த்தே உனக்கு விளங்கியிருக்கும்.

ஷிம்லாவுக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஜூலை முதல் கிழமை என்றார்கள். அவள் மணியைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நடந்தது அவளுக்குத் தெரியும், நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் எழும்பிப் போய் வேறு அறையில் படுத்துக்கொண்டாள். எனக்கு இரண்டு நாள் சோறு போட்டாள், கதைக்கவில்லை.

நான் இதை எழுதுவது எதையும் கேட்பதற்காக இல்லை. கேட்கிற வழக்கமும் இல்லை, கேட்கிற முகமும் எனக்கு இல்லை.

ஜெமீலா


கற்பிட்டி
09.07.2011

ராத்தா,

அஸ்ஸலாமு அலைக்கும்.

ஷிம்லாவுக்குப் பெண் பிள்ளை என்று பவுலினா சொன்னாள். மதுரங்குளிச் சந்தைக்குக் கருவாடு கொண்டு போனவள் கேள்விப்பட்டு வந்தாள். வியாழக்கிழமை பிறந்ததாம், இரண்டு பேரும் சுகமாம். அல்ஹம்துலில்லாஹ். பிள்ளை வெள்ளையா, கொழுகொழு என்றிருக்கிறதா என்றெல்லாம் நான் கேட்கவில்லை. அவள் சொல்ல வாயெடுத்தாள், வேண்டாம் என்றேன்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாக மணி என்னிடம்தான் இருக்கிறது. என் கையிலேயே கட்டியிருக்கிறேன், தொலைந்துவிடக்கூடாது என்று. முப்பத்திமூன்று வயதுப் பொம்பிளை கையில் பிள்ளை மணி. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் என்று தோன்றும். தோன்றட்டும்.

என்னவெல்லாம் யோசித்தேன் தெரியுமா? கல்லில் வைத்து இடித்துவிட யோசித்தேன். நெய்னாரின் கபுரடியில் புதைத்துவிட யோசித்தேன். நீங்கள் செய்ததைப் போலவே நானும் செய்யவேண்டும், வேலியடியில் நின்று உங்கள் மருமகனின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பவேண்டும், நாற்பது நாளும் நீங்கள் தவிக்கவேண்டும் என்றும் யோசித்தேன். ஒளிக்காமல் சொல்கிறேன். அது நல்ல யோசனை என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்தேன்.

நேற்று அன்ஸார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த நாளுக்குப் பிறகு வீட்டில் அவ்வளவாகக் கதை இல்லை. சுற்றி வளைத்து எதையெதையோ கதைத்தார். ஐப்பசியில் கடல் அடங்கும், இந்த முறை நல்லாப் பிடிபடும் என்றார். பிறகு கீழே பார்த்துக்கொண்டு, "அத மதுரங்குளிக்குக் குடுத்துடாத ஸும்ரா" என்றார். பிள்ளைக்குக் கட்டுவது ஷிர்க் என்று நினைத்துச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அது இல்லை. மணி இல்லாமல் போட்டை இறக்கப் பயம். அந்த மனுஷனுக்குப் பயம் ராத்தா. என்னைப் பார்த்தும் பயம், கடலைப் பார்த்தும் பயம், அல்லாஹ்வைப் பார்த்து எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

அந்த நிமிஷத்தில்தான் நான் முடிவு எடுத்தேன். இந்த மணி காக்குமா காக்காதா என்று இனி நான் யாரோடும் வாதாடப் போவதில்லை. அது எனக்குத் தெரியாது. அது போகவேண்டிய இடம் ஒரு பிள்ளையின் கை என்பது மட்டும் தெரியும். இன்னொரு பிள்ளைக்கு அது போய்ச் சேராமல் நான் மறிக்கமாட்டேன்.

வருகிற புதன்கிழமை ஏழாம் நாள். முதல் பஸ்ஸில் வருவேன். நீங்கள் கேட்கவில்லை, ஆகவே வழக்கம் தவறவில்லை. கடைசியாகக் கட்டின தாய்தான் கொண்டு வரவேண்டும் என்பதும் வழக்கம்தான். நான் யாருக்கும் கட்டவில்லை. கட்டக் காத்திருந்தவள் மட்டும்தான். அதற்கு வழக்கத்தில் இடம் இருக்கிறதா என்று உம்மாவிடம் கேட்க முடியாது. இருக்கிறது என்று நானே வைத்துக்கொள்கிறேன்.

ஷிம்லாவிடம் சொல்லிவையுங்கள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருக்கட்டும். நான் நேரே போய்க் கட்டிவிட்டு வந்துவிடுவேன். எனக்குத் தேத்தண்ணி ஊற்றவேண்டாம். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தவேண்டாம். உங்களோடு உட்கார்ந்து கதைக்க எனக்கு இன்னும் மனம் இல்லை. வருமா என்றும் தெரியாது. அன்ஸாரை மன்னித்தாலும் உங்களை மன்னிப்பேனா என்று யோசிக்கிறேன். அவருக்கு என் குரல் உம்மாவின் குரல் மாதிரிக் கேட்டிருக்காது. உங்களுக்குக் கேட்டது.

நாற்பதாம் நாளுக்குப் பிறகு மணியை எனக்குத் திருப்பி அனுப்பவேண்டாம். தொட்டில் கயிற்றை அவிழ்த்துக் கிணற்றடியில் துணி காயப்போடக் கட்டிவிட்டேன். இனி அது ஷிம்லாவிடமே இருக்கட்டும். ஆறு கண் மிச்சம் இருக்கிறது, அவளுடைய பிள்ளைகளுக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போதும். அவள் ஒரு நாளைக்கு அதை யாருக்காவது கொண்டுபோய்க் கட்டவேண்டி வரும். அந்த வீட்டாரோடு கோபமாகவும் இருப்பாள், நம் வீட்டுப் பொம்பிளை அல்லவா. வேலிவரைக்கும் போனவள் உள்ளேயும் போகவேண்டும் என்று இப்போதே அவளுக்குச் சொல்லி வையுங்கள் ராத்தா.

ஸும்ரா